ஏழு ஜோடி பெடல்கள்

பெயர்: இக்னாஸ் ஃபெர்கௌட்டெரன். வயது: 59. விலாசம்: மோலன்ஸ்ட்ராட் 14, வாலெம்கெர்கெ, கிழக்கு ஃபிளாண்டர்ஸ். தொழில்: டிராம் பணிமனையில் ஃபிட்டர், தற்சமயம் ஓய்வு. நாள்: 23.06.2023, வெள்ளிக்கிழமை. ஆரம்பித்த நேரம்: பிற்பகல் 2.05. பதிவு செய்பவர்: இன்ஸ்பெக்டர் அன்னெலீஸ் கோப்மான்.

மேற்படி விலாசத்தில் நான் என் மனைவி மரியெட்டுடன் வசித்து வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் டச்சு மொழியில் பேச விரும்புகிறேன். வக்கீல் வேண்டுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். புகார் கொடுத்தவனே நான்தான், எனக்கு எதற்கு வக்கீல் என்று கேட்டேன். இருந்தாலும் புகார் கொடுத்தவனைக் கதவைச் சாத்தி உட்காரவைத்து இரண்டு தடவை காபி கொடுக்க மாட்டார்கள் என்பது தெரியாத அளவுக்கு நான் பச்சைக் குழந்தை இல்லை. வக்கீல் வேண்டாம் என்று சொன்னேன்.

வாலெம்கெர்கெ மகளிர் சைக்கிள் அணிக்கு நான் ஆறு வருடமாகச் சம்பளம் இல்லாமல் மெக்கானிக்காக இருந்து வருகிறேன். பந்தய நாளில் ஒரு சாண்ட்விச், சீசன் முடிவில் அணியோடு சேர்ந்து ஒரு மாட்டிறைச்சிக் குழம்புச் சாப்பாடு, அவ்வளவுதான் வரும்படி. அணியில் எட்டுப் பெண்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி தபால் கொடுப்பவள், மற்றவர்களும் அப்படி ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே ஓட்டுபவர்கள். அணியின் தலைவி கோட்லீவ் ஸ்தால்ஸ் என்பவர், வயது 62, அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டியவர். சைக்கிள்களைக் கொடுத்து உதவுபவர் ஒடிலோன் என்ற சைக்கிள் கடைக்காரர். ஃபிரேமில் அவர் பேர்தான் ஒட்டியிருக்கும். என் மனைவியும் பந்தயத்துக்கு வருவாள். ரோட்டோரம் நின்று தண்ணீர் பாட்டில் நீட்டுவதும் அரிசிக் கேக் சுட்டு எடுத்து வருவதும் அவள் வேலை.

என்னை ஊரில் சந்தேகப் பிராணி என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. முப்பத்து நாலு வருடம் டிராம் பிரேக் பார்த்தவன் எதையும் ஒரு தடவை பார்த்து நம்ப மாட்டான். ஸ்பானர்களைப் பெட்டியில் வைக்கும்போதும் எண்ணுவேன், எடுக்கும்போதும் எண்ணுவேன்.

நேற்று, 22.06.2023 வியாழன், காலை ஒன்பதரை மணிக்கு எனக்கு ஆல்ஸ்ட் நகரத்தில் கண் டாக்டரிடம் முறை இருந்தது. பஸ்ஸில் போய்விட்டுப் பன்னிரண்டு மணி வாக்கில் ஊர் திரும்பி, வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு நேராக அணியின் வேன் நிற்கும் பழைய தீவனக் கொட்டகைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாகாண சாம்பியன் பந்தயம் என்பதால் செயின்களைத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. கொட்டகைப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. வேனின் பின்கதவும் பூட்டியிருந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த ஏழு சைக்கிள்களும் இல்லை. எட்டாவது சைக்கிள் சில்கெ வெய்ட்ஸ் என்ற பெண்ணுடையது, வயது 22. அது ஒரு விபத்துக்குப் பிறகு ஏற்கெனவே ஒடிலோன் கடைக்குப் போயிருந்தது.

என் கருவிப்பெட்டியைத் திருடன் தொடவில்லை. நாற்பத்தொரு சாமான் இருக்க வேண்டும், நாற்பத்தொன்றும் இருந்தன. பந்தயத்துக்கான மாற்றுச் சக்கரங்கள் ஆறு ஜோடி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை விற்றால் ஒரு திருடன் வருடம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம். அதையும் தொடவில்லை. தரையில் மட்டும் ஏழு பிளாஸ்டிக் பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பையிலும் ஒரு ஜோடி பெடல். துடைத்து, மரையில் கிரீஸ் கூடப் போட்டிருந்தது.

திருட வந்தவன் பெடலை எதற்காகக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பந்தய ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும், அது பெடலில் போய்க் கவ்வும், கம்பெனிக்குக் கம்பெனி அது வேறுபடும் என்று விளக்கினேன். சைக்கிள் அணியுடையது, ஆனால் பெடல் ஓட்டுகிறவளின் சொந்தச் சொத்து. ஒரு பந்தயக்காரி கடன் வாங்கிய சைக்கிளில் கூடச் சமாளித்துவிடுவாள், தன் பெடலும் தன் ஷூவும் கையில் இருந்தால். சீசன் முடிந்து சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது எங்கள் ஆட்கள் முதலில் செய்கிற காரியம் பெடலைக் கழற்றுவதுதான். அதோடு, இடது பெடல் எதிர்த்திசையில் கழலும். அது தெரியாதவன் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பான், ஸ்பானர் வழுக்கிக் கீறல் விழும். இந்தப் பதினாலு பெடலில் ஒன்றில் கூடக் கீறல் இல்லை. ஆகவே எடுத்தது வெளியாள் இல்லை, எங்கள் ஆள்தான் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வர்ணனைக்கு ஊரிலேயே அதிகம் பொருந்துகிற ஆள் நான் என்பது உறைத்தது. இன்ஸ்பெக்டருக்கு அது முன்பே உறைத்திருந்தது.

கொட்டகைச் சாவியும் வேன் சாவியும் கோத்த வளையம் இரண்டு. ஒன்று எங்கள் அடுப்பங்கரைக் கதவோர ஆணியில் தொங்கும், இன்னொன்று கோட்லீவிடம் இருக்கும். நான் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன்.

"இக்னாஸ், விளையாடாத. ஞாயித்துக்கிழமை பந்தயம்யா."

"விளையாடல. ஏழும் காணோம்."

"சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"உன்கிட்ட."

"அடப்பாவி, என்னையே கேக்குறியா?"

அதன் பிறகு போலீசுக்குப் போன் செய்தேன். போலீஸ் வருவதற்கு முன்னால் கோட்லீவ் வந்தார், அவருக்குப் பின்னாலேயே ஒடிலோன் வந்தார். அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. வந்தவர் காலியான தாங்கிகளைப் பார்க்காமல் தரையிலிருந்த பைகளைக் குனிந்து பார்த்தார்.

"பெடல வச்சுட்டுப் போயிருக்கான் பாரேன். தங்கமான திருடன்." அப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா இக்னாஸ், நீ கழட்டுனா இப்படித்தான கழட்டுவ?" என்று கேட்டார். கோட்லீவ் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யார் மீதாவது சந்தேகம் உண்டா என்று கேட்கப்பட்டதற்கு, ஒடிலோன் மீது உண்டு என்று சொன்னேன். சைக்கிள்கள் விஷயமாக அவருக்கும் எனக்கும் பத்து நாள் முன்பு ஒரு வாக்குவாதம் நடந்தது. அவை காணாமல் போனால் அவருக்கு லாபம்தான். கோட்லீவ் மீதும் உண்டு, சாவி அவரிடம் இருக்கிறது. சில்கெயின் அப்பா மீது கூட உண்டு. மகள் அடிபட்டதிலிருந்து அவர் இந்தச் சைக்கிள்களை எரிக்க வேண்டும் என்று சாராயக் கடையில் சொன்னதாகக் கேள்வி. இப்படி மூன்று பேர் பேரையும் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் ஒரு பையை மேசை மேல் வைத்து, அதன் மேல்பக்கத்தில் ஏதோ ஒட்டிக் கிழித்த பசைத்தடம் இருக்கிறதே, ஏழு பையிலும் அதே இடத்தில் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். நேற்று இவற்றைக் கணக்கெடுத்தபோது எது யாருடையது என்று கடகடவென்று சொன்னீர்களே, நாலு ஜோடி ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். மெக்கானிக் கண் என்று சொன்னேன். அன்று காலையில்தான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தீர்கள் என்றார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

பிற்பகல் 3.10க்கு ஒரு கான்ஸ்டபிள் உள்ளே வந்து இன்ஸ்பெக்டரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். விசாரணை நிறுத்தப்பட்டது. என் மனைவி மரியெட் வெளியே வந்திருப்பதாகவும், தனக்கும் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதாகவும் இன்ஸ்பெக்டர் எனக்குத் தெரிவித்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அதன் பிறகு, அவள் சொல்வதற்கு முன்னால் நான் முதலிலிருந்து சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். 3.25க்கு விசாரணை மீண்டும் தொடங்கியது.

மேலே மூன்று பேர் மீது சந்தேகம் என்று நான் சொன்னது பொய். நேற்று மதியம் அந்தப் பைகளைப் பார்த்த நிமிஷத்திலேயே யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பையிலும் வெள்ளை நாடா ஒட்டி, அதில் பெண்ணின் பேரும் தேதியும் எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் சூப் டப்பாக்கள் மேல் இதே எழுத்தில்தான் பேரும் தேதியும் இருக்கும். கோட்லீவுக்குப் போன் செய்வதற்கு முன்னால் ஏழு நாடாவையும் நான் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அவற்றை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைக்கிறேன். மூன்று பேரைக் காட்டிக்கொடுத்துவிட்டு என் வீட்டை மறைத்தேன், அது எனக்குக் கேவலமாக இருக்கிறது.

நடந்தது இந்த மாதம் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. அன்று ஸ்டெய்ன்ஹோவ் கிராமத் திருவிழாப் பந்தயம். கிராமப் பந்தயங்களில் அணிக்கொரு கார் கிடையாது. எல்லா அணியும் ஒரு ஜோடி சக்கரத்தைப் பொதுவான ஒரே காரில் போடும், எந்த அணி மெக்கானிக் அதில் உட்காருவது என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அன்று சீட்டு எனக்கு விழுந்தது. பதினொன்றாவது சுற்றில் தேவாலயத்தை ஒட்டிய வளைவில் சில்கெ இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். முன்கூட்டத்தில் மொத்தமே ஆறு பேர்தான், எங்கள் கார் அவர்களுக்கு நாற்பது அடி பின்னால் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஹேண்டிலைத் திருப்பினாள். ஹேண்டில் திரும்பியது. முன்சக்கரம் திரும்பவில்லை. அவள் நேராகப் போய் உருளைக்கிழங்கு வறுவல் கடையின் இரும்புத் தடுப்பில் மோதி விழுந்தாள். முன்பல் இரண்டு போனது, மேலுதடு கிழிந்தது.

கார் ஓட்டியவர், "தூங்கிட்டா போலிருக்கு" என்றார். நான் பார்த்தது சரிதானா என்று என் கண் மீதே எனக்குச் சந்தேகம் இருந்தது.

மறுநாள் 12ஆம் தேதி திங்கட்கிழமை சில்கெயின் சைக்கிளை என் பட்டறையில் பிரித்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டு ஹேண்டிலுக்குள் ஏறி மறைந்து நிற்கும், பிரித்தால் ஒழிய வெளியே தெரியாது. அந்தத் தண்டு முக்கால் சுற்று கிழிந்து மீதிக் கால் பங்கில் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு என்னால் அத்தோடு விட முடியவில்லை. மற்ற ஏழு சைக்கிளையும் ஒன்றொன்றாகப் பிரித்து நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். இந்த ஃபோர்க்குகள் கார்பன் நாரால் ஆனவை, நல்ல கார்பன் கணீரென்று பதில் சொல்லும். யானா, மார்தெ என்ற இருவர் சைக்கிளில் அதே இடத்தில் விரிசல் விட்ட கோப்பை மாதிரி சத்தம் வந்தது. விளக்கு பிடித்துப் பார்த்ததில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அந்த இரண்டு சைக்கிளும் இந்த வருடம் எங்கும் விழுந்ததில்லை.

13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கோட்லீவிடம் சொன்னேன். அவர் ஒடிலோனைக் கொட்டகைக்கு வரச்சொன்னார். ஒடிலோன் சில்கெயின் ஃபோர்க்கைக் கையில் வாங்கி, அவள் விழுந்ததால் விரிசல் விட்டதே தவிர விரிசல் விட்டதால் அவள் விழவில்லை என்றார். மற்ற இரண்டும் பெயின்ட் கோடு என்றார். பெயின்ட் இல்லை என்று நான் சொன்னதற்கு, "ஏம்ப்பா, டிராம் ரிப்பேர் பண்ணுனவனுக்குக் கார்பனப் பத்தி என்ன தெரியும்? தண்டவாளம் எங்க போகுதோ அங்க போற வண்டிதான உன் வண்டி?" என்று கேட்டார். அதன் பிறகு சில்கெயின் சைக்கிளையும் உடைந்த ஃபோர்க்கையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த ஃபோர்க்கை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து, சில்கெ தேவாலய வளைவை வறுவல் கடை வாசல் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள், பசி தாங்கவில்லை பாவம் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு ஊரில் சுற்றியது. ஆரம்பித்து வைத்தது ஒடிலோன். ஊரே சிரித்தது.

அவர் போன பிறகு கோட்லீவ் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பேசினார். "இக்னாஸ், இருபத்தஞ்சாந் தேதி வரைக்கும் வாய மூடிட்டு இரு. இப்ப அவன் சைக்கிள் தரமாட்டேன்னுட்டா எட்டுப் பேரும் வீட்ல உக்காரணும். மாகாணப் பந்தயம் முடியட்டும், நானே அவன் சட்டையப் புடிக்கிறேன்."

"அதுக்குள்ள யானா விழுந்தா?"

"விழ மாட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. போதுமா? தெரியாது." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஓட்டிய காலத்தில் ஆண்கள் கழித்துப்போட்ட ஃபிரேமைக் கெஞ்சி வாங்கி ஓட்டியவர். இந்த அணி இல்லாமல் போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். எழுதியாயிற்று.

14ஆம் தேதி புதன்கிழமை மாலை நாலு மணிக்குச் சில்கெ என் பட்டறைக்கு வந்தாள். உதட்டில் தையல் போட்டிருந்ததால் பேச்சு குழறியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இக்னாஸ், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் திருப்புனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, திருப்புனேன். சைக்கிள்ல ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லம்மா. சைக்கிள் சரியாத்தான் இருந்துச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்." வாசல் பக்கம் திரும்பினாள். "அப்ப நான்தான். நேத்து எங்க அப்பா சைக்கிள எடுத்துட்டுப் போனேன், தெருமுனை திரும்ப முடியல, இறங்கித் தள்ளிட்டு வந்தேன். கோட்லீவ்கிட்டச் சொல்லிடுங்க, நான் மாகாணப் பந்தயத்துக்கு வரல. இனிமேலும் வரல."

அவள் போன பிறகு அன்று நான் எந்த வேலையும் பார்க்கவில்லை. ஊரில் யாரையும் நம்பாதவன் என்று பேர் வாங்கினவனை ஒரு பெண் அப்படியே நம்பிவிட்டுப் போனாள்.

17ஆம் தேதி சனிக்கிழமை இன்னொரு பந்தயம். புறப்படுமுன் ஒவ்வொரு அணி மெக்கானிக்கும் ஒரு தாளில் சைக்கிள்கள் நல்ல நிலையில் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். யானாவுக்கும் மார்தெவுக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ரோட்டோரம் மரியெட் பக்கத்தில் போய் நின்றேன். பதினாறு சுற்று, சுற்றுக்கு ஐந்து வளைவு. எண்பது வளைவுக்கும் நான் அந்த இரண்டு முன்சக்கரத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டாவது சுற்றில் மரியெட் பாட்டில் நீட்டிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கையெழுத்து போட்டியா?"

"போட்டேன்."

அவள் அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றாள். அன்று யானாவும் மார்தெவும் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். அது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை.

நேற்று வியாழக்கிழமை போலீசார் கொட்டகையை விட்டுப் போன பிறகு மாலை ஐந்து மணிக்கு நான் வீட்டுக்குப் போனேன். மரியெட் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஏழு நாடாவையும் அவள் முன்னால் மேசையில் ஒட்டிவிட்டுக் கேட்டேன்.

"இது என்ன?"

"பேரு. எது யாருதுன்னு தெரியாம பொண்ணுங்க முழிக்கக்கூடாதுல்ல."

"சைக்கிள் எங்க?"

"எங்க அக்கா வீட்டுக் கன்னுக்குட்டிக் கொட்டாயில. அவ வண்டியிலதான் ஏத்திட்டுப் போனேன், ரெண்டு நடை. வைக்கோல் போட்டு மூடியிருக்கேன், பயப்படாத, ஒரு கீறல் இல்ல."

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"யாருக்கு? பத்து நாளா சூப்பு குடிக்க உக்காந்தா விரிசல், படுக்கப் போனா விரிசல். என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? நானா அந்தச் சைக்கிள ஓட்டப் போறேன்?"

பெடலை எதற்குக் கழற்றினாய் என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவங்க ஓட்டக்கூடாதுன்னா எடுத்தேன்? இதுல ஓட்டக்கூடாதுன்னு எடுத்தேன். யார்கிட்டயாவது சைக்கிள் கடன் வாங்கிக்குவாங்க. பக்கத்து ஊர் அணி குடுப்பாங்க, எத்தன தடவ நாம குடுத்திருக்கோம்." இடது பெடல் எப்படிக் கழலும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, ஆறு வருடமாக உன் பக்கத்தில் நின்றுகொண்டு நான் ஆகாயத்தையா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டாள்.

இன்று காலை போலீஸ் நிலையத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தபோது, நீ உண்மையைச் சொல்லு, இல்லாவிட்டால் மத்தியானம் நான் வந்து சொல்லுவேன் என்று மரியெட் சொன்னாள். நான் வந்து உட்கார்ந்து உண்மையைச் சொல்லவில்லை. அதனால் அவள் வந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது சைக்கிளை எடுத்தது மட்டும்தான். வளைவில் நடந்ததை அவள் பார்க்கவில்லை, ஃபோர்க்கைப் பிரித்தது அவள் இல்லை. பார்த்தவனும் பிரித்தவனும் கையெழுத்துப் போட்டவனும் நான். ஆகவே அவள் வாக்குமூலம் என்னுடையதற்குப் பிறகு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவள் செய்தது சரி என்று இந்தத் தாளில் எழுத முடியுமா என்று கேட்டேன். அது அபிப்பிராயம், சம்பவம் இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சரி, சம்பவமாகவே சொல்கிறேன். 13ஆம் தேதியிலிருந்து 21ஆம் தேதி வரை இந்தச் சைக்கிள்களை நிறுத்துவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை, 22ஆம் தேதி அவள் செய்தாள்.

சைக்கிள்கள் இருக்கும் இடத்தை மேலே சொல்லியிருக்கிறேன். அவற்றை ஒடிலோனிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றும், யானா, மார்தெ இருவரின் ஃபோர்க்கையும் விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். திருட்டுப்போன பொருள் என்பதால் வழக்கு முடியும்வரை அவை கோர்ட்டுப் பொறுப்பில்தான் இருக்கும், மாதக்கணக்கில் ஆகலாம், ஞாயிற்றுக்கிழமைக்கு யாருக்கும் கிடைக்காது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நன்றி என்று சொன்னேன். கோர்ட்டு சாமானை மெதுவாகத் தருகிறது என்று சந்தோஷப்பட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

17ஆம் தேதி தாளில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கும், பையிலிருந்த நாடாவைப் பிய்த்து மறைத்ததற்கும், முதலில் பொய் சொன்னதற்கும் என் மீது தனியாக வழக்கு வரலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. விளங்கிக்கொண்டேன். அந்த வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்வதா என்று மரியெட்டைக் கேட்டுச் சொல்கிறேன்.

தட்டச்சு செய்ததை இன்ஸ்பெக்டர் எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். 11ஆம் தேதி விபத்தைப் பற்றி முதலில் தட்டச்சானது, "சில்கெ வெய்ட்ஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தார்" என்பதாகும். விபத்து அறிக்கைகளில் எல்லாம் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார். அதை அடித்துவிட்டு, நான் சொன்னபடியே, அவள் ஹேண்டிலைத் திருப்பினாள், முன்சக்கரம் திரும்பவில்லை என்று எழுதச் சொன்னேன். அவளிடம் தப்பு எதுவும் இல்லை, இதை நான் நாற்பது அடி தூரத்திலிருந்து பட்டப்பகலில் பார்த்தேன், பார்த்தும் அவள் முகத்துக்கு நேரே இல்லை என்றேன் என்பதையும் அதற்குக் கீழே சேர்க்கச் சொன்னேன். சேர்க்கப்பட்டது.

இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதியைப் பெற எனக்கு உரிமை உண்டு என்று சொன்னார்கள், வாங்கிக்கொள்கிறேன். மரியெட் பேசி முடிக்கும்வரை வராந்தாவில் காத்திருந்துவிட்டு, நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போகாமல் இங்கிருந்து நேரே சில்கெ வீட்டுக்குப் போகிறோம். கதவைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். திறக்காவிட்டால் தெருவில் நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி படிப்பேன்.

இதில் எழுதியிருப்பது நடந்தது. நடந்ததில் நான் மறைத்துவைத்திருப்பது இனி எதுவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன் என்று எழுதியிருந்ததை மட்டும், "என் மனைவியின் வற்புறுத்தலைத் தவிர" என்று திருத்தி, திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன்.

முடிந்த நேரம்: மாலை 4.50.

(ஒப்பம்)
இக்னாஸ் ஃபெர்கௌட்டெரன்